முகராமல் எழுதிய பெயர்

ஜனவரி 1

உரக்கடைக்காரர் இந்த வருஷமும் டைரி கொடுத்துவிட்டார். முதல் பக்கத்தில் பெயர், ஊர், தொழில், இரத்த வகை என்று கோடு போட்டிருக்கிறது. சிலம்பாயி, மூங்கிலோடை, நாற்றுப்பண்ணை என்று எழுதினேன். இரத்த வகை தெரியாது. தெரியாததை எழுதக் கூடாது என்பது ரோஸ்லின் டீச்சர் வைத்த சட்டம். அந்தக் கோட்டை வருஷா வருஷம் காலியாகவே விடுகிறேன்.

காலையில் நல்ல பனி. மிளகு நாற்றுக்குத் தண்ணீர் விட்டேன். காப்பி நாற்றில் நூறு பைக்கு மண் குறைந்திருக்கிறது, நாளைக்கு நிரப்ப வேண்டும்.

பத்து மணிக்கு இன்னாசி வந்தான். மேல்தோட்டத்துக்காரன். காப்பிப் பழம் பறிக்கிற நேரத்தில் வேலையை விட்டுவிட்டு வருகிற ஆள் இல்லை. முகமெல்லாம் சிரிப்பு.

"யக்கா, காய்ச்சிருச்சு."

"எதுப்பா?"

"எதுன்னு கேக்குறீக பாருங்க. பதினஞ்சு வருசமா எதைச் சொல்லி ஊரே என்னையக் கேலி பேசுச்சு? அன்னாசிப்பூ. போன வருசம் வரைக்கும் கைப்பிடி கூடத் தேறல. இந்த வாட்டி ஒரு மூட்டை. காஞ்சு கெடக்கு."

அன்னாசிப்பூ என்றால் பிரியாணியில் போடுகிறோமே, அந்த நட்சத்திரம். பூ என்று பேர்தான், நிஜத்தில் அது காய். இன்னாசி நட்ட முப்பது கன்றும் எங்கள் பண்ணையில் வாங்கியவை. நான்தான் எண்ணிக் கொடுத்தேன்.

இருபதாம் தேதி செபஸ்தியார் திருவிழா. அன்றைக்குக் கோவிலில் அசனம், அதாவது ஊர் கூடிச் சாப்பிடுகிற சாப்பாடு. சாமியாரும் சம்சாரியும் நானும் ஒரே பாயில் உட்காருவோம். ஐந்நூறு பேருக்குப் பிரியாணி. இந்த வருஷ அசனத்துக்கு இன்னாசி தோட்டத்து அன்னாசிப்பூதான் என்று சாமியார் பூசையிலேயே அறிவித்துவிட்டாராம்.

"வருசா வருசம் ரெண்டு தேங்காயைக் குடுத்துட்டு ஓரமா நிப்பேன் யக்கா. இந்த வருசம் அண்டா பூரா எம் மணம். உங்களுக்குத்தான் மொத எலை."

சந்தோஷம் என்று சொன்னேன். வாளி நிரம்பித் தண்ணீர் என் காலில் வழிந்ததை அவன்தான் காட்டினான்.

ஜனவரி 2

காப்பி நாற்றுப் பைக்கு மண் நிரப்பினேன். மத்தியானம் உருளைக்கிழங்கு குருமா. வேலியோரத்து மூன்றாவது மரத்தில் போன மாதம் பறித்துக் காயவைத்த பூவில் இரண்டைப் போட்டேன். நல்ல மணம்.

ஜனவரி 3

மழை தூறியது. வேலை இல்லை. கொஞ்சம் நிறைய எழுதலாம்.

எனக்கு எழுத்து வந்த கதை வேடிக்கையானது. முப்பத்தைந்து வயது வரை கைநாட்டு. அறிவொளி இயக்கம் என்று வந்து சாயங்காலம் சாயங்காலம் பாடம் நடத்தினார்கள். என் பெயரை எழுதக் கற்றுக்கொண்ட வாரமே ரோஸ்லின் டீச்சர் என்னை நாற்றுப்பண்ணை வேலைக்கு எடுத்தார். அவர் கல்லூரியில் தாவரப் பாடம் நடத்தியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காலேஜ் வேலையை விட்டுவிட்டு இந்த மலையில் இரண்டு ஏக்கர் வாங்கிச் செடி வளர்க்க வந்தார். அவருக்கும் எனக்கும் ஒரே வயது. அதனால் சண்டையும் சரிக்குச் சரியாக நடக்கும்.

செடிக்கு லேபிள் எழுதுவது என் வேலை. லத்தீன் பெயரை அவர் சொல்லச் சொல்லத் தமிழில் எழுத வேண்டும். வாயில் நுழையாத பெயரை எதற்கு எழுத வேண்டும் என்று முதல் நாளே கேட்டேன்.

"வாய்ல நுழையாட்டி என்ன, அர்த்தம் தலைல நுழையட்டும்" என்றார். "மிளகு, பைப்பர் நைக்ரம். நைக்ரம்னா கறுப்பு. மஞ்சள், கர்க்யூமா லாங்கா. லாங்கான்னா நீளம். இஞ்சிக்கு அஃபிசினாலேன்னு வரும், மருந்துக்கடைச் சரக்குன்னு அர்த்தம். சௌசௌவுக்குப் பின்னால எடூலே. தின்னலாம்னு அர்த்தம்."

"சௌசௌவைத் தின்னலாம்னு சொல்றதுக்கு லத்தீன் எதுக்கு டீச்சர்?"

"தெரியாத ஊர்க்காரன் படிப்பான்ல. அவன் உயிர் முக்கியமில்லையா?"

புளியமரத்துக்கு டாமரிண்டஸ் இண்டிகா என்று பெயர். முன் பாதிக்கே இந்தியப் பேரீச்சை என்றுதான் அர்த்தமாம், பின் பாதி மறுபடியும் இந்தியா. ஒரே ஆளுக்கு இரண்டு தடவை விலாசம் எழுதிய மாதிரி என்று சொல்லி டீச்சர் சிரிப்பார். மரம் பிறந்தது ஆப்பிரிக்காவில் என்பது தனிக்கதை.

பெயரின் பின் பாதிதான் செடியின் குணத்தைச் சொல்லும், அதைத் தப்பாக எழுதினால் செடியைப் பற்றிப் பொய் சொன்ன மாதிரி என்பார். எழுதும் முன்னால் இலையைக் கசக்கி முகர வேண்டும். கண் ஏமாறும், மூக்கு ஏமாறாது. முகராமல் லேபிள் எழுதக் கூடாது. இது அவருடைய இரண்டாவது சட்டம்.

டீச்சர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. பண்ணையை என் பெயருக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். தாண்டிக்குடி, பண்ணைக்காடு வரைக்கும் தோட்டக்காரச் சம்சாரிகள் இங்கே வருவது எங்கள் லேபிளை நம்பித்தான்.

தூறல் நின்றுவிட்டது.

ஜனவரி 5

அன்னாசிப்பூவில் இரண்டு ஜாதி உண்டு. இதை எழுதி வைப்பது நல்லது.

ஒன்று இல்லிசியம் வேரம். வேரம் என்றால் நிஜமானது. பட்டை மரத்துக்கும் இதே வேரம்தான் வரும். இன்னொன்று இல்லிசியம் அனிசேட்டம். சோம்பு போல மணப்பது என்று அர்த்தம். பெயரைக் கேட்டால் இதைத்தான் குழம்பில் போடத் தோன்றும். ஆனால் இதுதான் ஆகாது. ஜப்பான்காரர்கள் கோவிலிலும் கல்லறையிலும் வைக்கிற மரம். தின்றால் வாந்தி, வலிப்பு. இரண்டுக்கும் பொதுவான முன் பாதிக்கு, இல்லிசியத்துக்கு, ஆசை காட்டி இழுப்பது என்று அர்த்தம்.

டீச்சர் இரண்டிலும் கன்று வளர்த்தார். வேரம் முப்பது, விற்பனைக்கு. அனிசேட்டம் பன்னிரண்டு, பண்ணையின் வேலியோரத்துக்கு, அழகுக்கு. கன்றில் இரண்டும் அக்காள் தங்கை மாதிரி இருக்கும்.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஐப்பசிப் புயலில் நிழல்வலைப் பந்தல் சரிந்து தட்டுகள் கவிழ்ந்தன. மையில் எழுதிய லேபிள் எல்லாம் கரைந்துவிட்டது. நான் பிரித்து, திரும்ப எழுதினேன். அதிலிருந்துதான் மையை விட்டுவிட்டு அலுமினியத் தகட்டில் ஆணியால் கீறுகிற வழக்கம் வந்தது. எந்த மழைக்கும் அழியாது.

அவ்வளவுதான். பீன்ஸ் விதை நாளைக்கு.

ஜனவரி 6

இன்னாசி ஒரு கைப்பிடி பூவோடு வந்தான். நானே கேட்டனுப்பியிருந்தேன், பார்க்க ஆசையாக இருக்கிறது என்று.

காகிதத்தில் கொட்டிப் பார்த்தோம். நிஜப் பூவுக்குப் பெரும்பாலும் எட்டு இதழ், தடித்து, நுனி மழுங்கியிருக்கும். மற்றது சின்னது, இதழ் கூடுதலாக இருக்கும், நுனி கிளிமூக்கு மாதிரி வளைந்து கூராக இருக்கும். இருபது பூ இருந்தது. நல்ல பூக்கள். ஒன்றில் பத்து இதழ். விரலால் தடவினேன். நுனி குத்தியது.

ஒன்றை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. வெயில் பத்தாமல் சிறுத்திருக்கலாம்.

"என்ன யக்கா அப்படிப் பாக்குறீக, பொண்ணு பாக்க வந்த மாதிரி?"

"பூக்கும்போது என்ன நெறம்பா?"

"செகப்புதான். ரெண்டு மூணு வெளுப்பாப் பூத்துச்சு. அரசாணிப் பூசணியில இல்லையா, ஒண்ணு பச்சை ஒண்ணு மஞ்சளா, அது மாதிரின்னு விட்டுட்டேன்."

போகும்போது வேலியோரம் நின்றான். "இதுவும் அதே மரந்தான? ஏன் வேற பேரு தொங்குது?"

"அது அழகுக்கு வைக்கிறது" என்றேன்.

பத்து இதழ்ப் பூவை அவன் போனபிறகு நசுக்கி முகர்ந்தேன். இப்போது என் மூக்கில் ஒரு குறையும் இல்லை. சோம்பு மணம் இல்லை. ஏலக்காயும் கற்பூரமும் கலந்த மாதிரி ஒரு வாடை. அடுப்பில் போட்டுவிட்டேன்.

ஜனவரி 8

பீன்ஸ் விதை போட்டாயிற்று.

ஒரு கணக்கு. வேலியோரத்தில் அனிசேட்டம் என்று தகடு தொங்குகிற மரம் பன்னிரண்டு. அதில் ஐந்து அனிசேட்டம் இல்லை. ஆறு வருஷம் முன்பு சிவப்பாகப் பூத்தபோது தெரிந்துகொண்டேன். முகர்ந்தும் பார்த்தேன். அந்த ஐந்தில்தான் குருமாவுக்குப் பறிக்கிறேன். தகட்டை மாற்றவில்லை. மாற்றினால் ஏன் மாற்றினாய் என்று டீச்சர் கேட்பார். அப்போது அவர் இருந்தார்.

அப்படியானால் இன்னாசியிடம் போன முப்பதில் ஐந்து என்னவாக இருக்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஆனால் அவனுடைய முப்பதில் நான்கு முதல் வருஷமே பட்டுப்போயின. மீதி இருபத்தாறு. பட்ட நான்கும் அந்த ஐந்தில் உள்ளவையாக ஏன் இருக்கக் கூடாது? அப்படியிருந்தால் ஒன்றே ஒன்றுதான். இருபத்தாறில் ஒரு மரத்துக் காய் ஒரு மூட்டையில் எத்தனை இருக்கும்? ஐந்நூறு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒரு துணுக்குகூட வராது.

இந்தக் கணக்கை மூன்று தடவை போட்டேன்.

ஜனவரி 11

இன்னாசி பெண்சாதி அருளாயியை ஜீப்பில் பண்ணைக்காடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதாகக் கீழ்வீட்டுக்காரி சொன்னாள். வாந்தியாம், கை கால் வெட்டி வெட்டி இழுத்ததாம். பனிக்குப் பிடித்த வாயு என்கிறார்கள்.

தண்ணீர் விடவில்லை.

ஜனவரி 12

கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு போனேன். அருளாயி வீட்டுக்கு வந்துவிட்டாள். குளுக்கோஸ் ஏற்றி, சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"என்னத்தச் சாப்பிட்டேன் மதினி? நெஞ்சு கட்டிக்கெடந்துச்சு. சுக்கும் நம்ம அன்னாசிப்பூவும் தட்டிப் போட்டு ஒரு டம்ளர் கசாயம் குடிச்சேன். அதுக்கப்புறம் சோறே எறங்கல."

"எத்தனை பூ?"

"நாலஞ்சு இருக்கும். நம்ம பூ தானேன்னு தாராளமாப் போட்டேன். அதுவும் சின்னச் சின்னப் பூவாப் பொறுக்கிப் போட்டேன். பெருசை அசனத்துக்கு வச்சிருக்கோம்ல."

அவள் தலைமாட்டில் உட்கார்ந்து கரண்டியில் கஞ்சி ஊட்டினேன். நெற்றியில் வியர்த்திருந்தது, முந்தானையால் துடைத்தேன். கசாயம் இனிமே வேண்டாம், வெறும் வயிற்றுக்கு ஆகாது என்றேன். "சரி மதினி" என்றாள். என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

இன்னாசி வாசலில் சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தான். "கவலைப்படாதீக யக்கா, எட்டு நாள்ல எந்திரிச்சு அசனத்துக்குப் பரிமாறுவா" என்று எனக்கு ஆறுதல் சொன்னான்.

ஜனவரி 13

தண்ணீர் விட்டேன். வேறொன்றும் இல்லை.

ஜனவரி 15

நேற்றும் இன்றும் பொங்கல். வைத்தேன். எனக்கு ஒருத்திக்கு ஒரு சின்னப் பானை.

பானை பொங்கும்போது டீச்சர் ஞாபகம். அவருக்குச் சர்க்கரைப் பொங்கலில் ஏலக்காய் கூடுதலாக வேண்டும். மோந்து பார்த்தே எந்தத் தோட்டத்து ஏலம் என்று சொல்லிவிடுவார். ஒரு தடவை கடைக்காரன் ஒருவனோடு ஏலக்காய்க்காக அரை நாள் சண்டை போட்டார், அந்தக் கதை பெரிது. மூக்கு என்றால் அப்படி ஒரு மூக்கு.

மூக்கைப் பற்றி எழுதியே ஆகவேண்டும்.

புயல் அடித்த வாரம் டீச்சர் மதுரையில் ஆஸ்பத்திரியில் இருந்தார், பித்தப்பை ஆபரேஷன். எனக்குச் சளிக் காய்ச்சல். மூன்று நாள் நனைந்துகொண்டே பந்தலைத் தூக்கினேன். மூக்கில் ஒன்றுமே ஏறவில்லை. நாற்பத்திரண்டு கன்றும் கலந்து கிடந்தன. இலையைக் கசக்கினால் வெறும் ஈரம். ஒரு வாரம் பொறுத்திருந்தால் சளி விட்டிருக்கும். ஆனால் இன்னாசி ஜீப்போடு வந்து நின்றான். அன்றைக்கு அவனுக்குக் குழி வெட்டத் தயாராக ஆள் இருந்தது. இலை அகலத்தைப் பார்த்துப் பிரித்தேன். முப்பது, பன்னிரண்டு. ஆணியால் பெயர் கீறினேன். தகட்டில் முதன்முதலாக எழுதியது அன்றைக்குத்தான். வே எழுத்து கோணலாக விழுந்தது காய்ச்சலில் என்றுதான் இதுவரை நினைத்திருக்கிறேன்.

ராத்திரி படுக்கும் முன்னால் டீச்சர் ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணினார். "எல்லாம் மோந்து பாத்தியா சிலம்பாயி?"

"பாத்தேன் டீச்சர். ஒண்ணொண்ணா மோந்து பாத்தேன்."

"அப்ப சரி."

அப்ப சரி என்று சொல்லிவிட்டார். பதிமூன்று வருஷம் அந்த மனுஷி அதை நம்பினார்.

ஜனவரி 17

காலை பஸ்ஸில் வத்தலக்குண்டு போனேன். மலை இறங்க இறங்க வாந்தி வருகிற ஆள் நான், எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே போனேன். மளிகை மொத்தக் கடையில் அன்னாசிப்பூ இரண்டு கிலோ. கடைக்காரர் முன்னாலேயே பத்துப் பூவை உடைத்து முகர்ந்தேன்.

"என்னம்மா, நகை வாங்குற மாதிரி உரசிப் பாக்குற?"

"அசனத்துக்குங்க."

அசனத்துக்கு ஒன்றரைக் கிலோ போதும் என்று சமையல்காரர் சொன்னதாக இன்னாசி சொல்லியிருக்கிறான். கோவிலுக்குப் போகிற பையை மட்டும் மாற்றிவிட்டால் போதும். அவர்கள் டீ குடிக்கப் போகிற நேரம் பார்த்து அதை எடுத்துவிட்டு இதை வைக்க வேண்டும். யாருக்கும் ஒன்றும் ஆகாது. இன்னாசி பெயரும் கெடாது. மூட்டையில் மிச்சம் இருப்பதை என்ன செய்வது என்று திருவிழா முடிந்த பிறகு யோசிக்கலாம்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது நல்லபடியாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து பையைக் கீழே வைத்தபோது அருளாயி வீட்டுச் சமையல்கட்டு ஞாபகம் வந்தது. அடுப்புக்கு மேல் பலகையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய அந்தப் பூ இருக்கிறது.

ஜனவரி 19

காலை பதினொரு மணிக்குக் கோவில் பின்பக்கக் கொட்டகைக்குப் போனேன். மஞ்சப்பையில் அன்னாசிப்பூ, அதன் மேலே மாதாவுக்குப் போடுவதற்கென்று ஒரு படி சாமந்தி.

சமையல்காரர் மரியசூசை திண்டுக்கல்காரர். வயிறு அண்டா மாதிரி, குரல் கரண்டி மாதிரி. முறம் வைத்து மசாலாச் சாமான் புடைத்துக்கொண்டிருந்தார். அருளாயி நான்கு பெண்களோடு பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். முகம் இன்னும் வெளுத்திருந்தது. இன்னாசி தன் பையைப் பலகை மேல் நிமிர்த்தி வைத்து, பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். வெள்ளைத் துணிப்பை, புதுசு. வாயில் சிவப்பு நூல் கட்டி, அதில் ஒரு தகடு தொங்கியது.

என் எழுத்து. இல்லிசியம் வேரம். வே கோணலாக இருக்கும்.

"பாத்தீகளா யக்கா, பதினஞ்சு வருசமாப் பத்திரமா வச்சிருந்தேன். நாளைக்குச் சாமியார் மந்திரிக்கும்போது இதோடயே மந்திரிக்கட்டும். நெசமான பூன்னு உங்க கையால எழுதுனதுல்ல."

பையை என் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்து பூண்டு உரித்தேன். டீ எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். டீ வந்தது. யாரும் எழுந்து போகவில்லை. கொட்டகைக்குள்ளேயே கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். இதை நான் யோசிக்கவே இல்லை.

மரியசூசை டம்ளரை வாயருகே கொண்டுபோனவர் நிறுத்தி, மூக்கைத் தூக்கினார்.

"ஏம்மா, உங்க சாமந்தி எந்த ஊரு சாமந்தி? அன்னாசிப்பூ வாசம் அடிக்குது."

பெண்கள் சிரித்தார்கள். அவர் எட்டிப் பைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். "அடேயப்பா, கடைச் சரக்கு. பூக்கடைக்குள்ள பலசரக்குக் கடை வச்சிருக்காங்கய்யா."

"எம் பூ பத்தாதுன்னு நெனச்சுட்டீகளா யக்கா?" இன்னாசியும் சிரித்தான்.

"இன்னாசி, உம் பூவைப் போடக் கூடாதுப்பா."

"ஏன் யக்கா?"

"அதுல வேற மரத்துப் பூ கலந்திருக்கு. திங்கக் கூடாதது. அருளாயிக்கு வந்தது வாயு இல்ல."

பூண்டு உரிக்கிற சத்தம் நின்றது. 

"வேற மரமா? இது உங்க எழுத்து யக்கா. வேரம்னா நெசமானதுன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீக?"

"நான்தான் எழுதுனேன். மோந்து பாக்காம எழுதுனேன். புயலுக்குக் கன்னு பூரா கலந்துபோச்சு, எனக்குச் சளி, மூக்கு அடச்சுக் கெடந்துச்சு. நீ ஜீப்போட நின்ன. எலையப் பாத்துக் குத்துமதிப்பாப் பிரிச்சேன். டீச்சர் கேட்டாக. மோந்தேன்னு சொல்லிட்டேன்."

இன்னாசி பையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவனுக்குக் கோபம் வரவில்லை, கணக்குத்தான் வந்தது.

"எப்பத் தெரியும் யக்கா உங்களுக்கு?"

இதற்கு மட்டும் ஒரு பதில் சொல்லாமல் தப்பிக்கலாம் என்று மனசு அந்த நேரத்திலும் வழி தேடியது. இப்போதுதான் சந்தேகம் வந்தது என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்.

"ஆறு வருசமாத் தெரியும். எங்க வேலி மரம் செகப்பாப் பூத்தப்பவே."

அருளாயி தலையைத் தூக்கினாள். "அன்னைக்கு எந்தலைமாட்டுல உக்காந்து கஞ்சி குடுத்தீகளே மதினி. அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

அவள் உட்கார்ந்த இடத்திலேயே எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு பூண்டை எடுத்தாள். உரிக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தாள்.

இன்னாசி நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். தகட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பையைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே போனான்.

மரியசூசை என் பூவில் ஐந்தாறை உடைத்து முகர்ந்து, ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பார்த்தார். "இது சரியாத்தான் இருக்கு" என்றார், எல்லோருக்கும் பொதுவாக. பிறகு சாமந்தியை என் பக்கம் தள்ளிவிட்டார்.

போகும் முன்னால் அருளாயியிடம், ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருப்பதையும் கொட்டிவிடு என்று அவள் முதுகுக்குச் சொன்னேன். தலை அசைந்தது.

ஜனவரி 20

போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். பிறகு போனேன். யாராவது கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்க வேண்டும்.

கடைசிப் பாயில் உட்கார்ந்தேன். முன் வரிசையில் ஒருவர் சத்தமாக, "இன்னாசி, உம் பூ மணக்குதப்பா" என்றார். இன்னாசி தண்ணீர் ஜக்கோடு நடுவில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, "இது எம் பூ இல்லண்ணே. வத்தலக்குண்டு கடைப் பூ. எந்தோட்டத்துல தப்பு மரம் கலந்துபோச்சு, பறிச்ச பூ எல்லாத்தையும் குழி வெட்டிப் பொதச்சுட்டேன்" என்றான். என் பெயரைச் சொல்லவில்லை. யாரோ ஒருவர், பதினைந்து வருஷம் காத்திருந்து குழிக்குத்தான் விளைய வைத்தாயா என்றார். கொஞ்சம் பேர் சிரித்தார்கள். இன்னாசி அடுத்த ஆளுக்குத் தண்ணீர் ஊற்றினான்.

அருளாயிதான் எங்கள் வரிசைக்குச் சோறு வைத்து வந்தாள். எனக்கும் வைத்தாள். மற்றவர்களுக்கு எவ்வளவோ அவ்வளவு. போதுமா என்று கேட்கவில்லை.

சாப்பிட்டேன்.

ஜனவரி 21

பண்ணைக்காட்டிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். போன வருஷம் வாங்கிய பட்டைக் கன்று நிஜமானதுதானா என்று கேட்டார்கள். பெண்கள் வாய் வழியாகச் சேதி மலை இறங்கிவிட்டது. பட்டைக் கன்று நான் முகர்ந்து எழுதியதுதான், ஆனாலும் என் பேச்சை நம்ப வேண்டாம், நீங்களே இலையைக் கசக்கிப் பாருங்கள் என்றேன். ஒருவர் பார்த்துவிட்டுப் போனார். இன்னொருவர் முன்பதிவு செய்திருந்த மிளகு நாற்று வேண்டாம் என்றார்.

மிளகு நாற்றுக்குத் தண்ணீர் விட்டேன்.

ஜனவரி 23

காலையில் இன்னாசி வந்து வேலிப் படலுக்கு வெளியே நின்றான். உள்ளே வரவில்லை.

"ஆணியும் தகடும் எடுத்துக்கிட்டு வாங்க."

மேல்தோட்டத்துக்கு அவன் முன்னால் நடந்தான், நான் பின்னால்.  வழக்கமாக அந்த ஏற்றத்தில் நான் ஏதாவது கதை சொல்லிக்கொண்டே ஏறுவேன், அவன் ம் கொட்டுவான். இன்றைக்கு இருவர் மூச்சும்தான் கேட்டது.

காப்பிச் செடிகளுக்கு நடுவே இருபத்தாறு மரம். ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு. இவ்வளவு செழிப்பாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"எனக்கு எது எப்படி மணக்கும்னு மொதல்ல காட்டுங்க" என்றான். மடியில் வேலி மரத்து இலை இரண்டு கொண்டுபோயிருந்தேன், ஒன்று வேரம், ஒன்று அனிசேட்டம். கசக்கி அவன் மூக்கில் வைத்தேன். நெடுநேரம் மாற்றி மாற்றி முகர்ந்தான்.

"மொத நான் மோப்பேன். பொறகு நீங்க. ரெண்டு பேரும் ஒண்ணு போலச் சொன்னாத்தான் எழுதணும்."

சரி என்றேன்.

மரத்துக்கு மரம் நின்றோம். அவன் இலையைக் கசக்கி முகர்வான், என்னிடம் நீட்டுவான், நான் வேறு கிளையில் ஓர் இலை பறித்து முகர்வேன். ஒன்று, நிஜம். இரண்டு, நிஜம். ஏழாவது மரத்தில் அவன் முகம் மாறியது. நானும் முகர்ந்தேன். அந்த ஏலக்காய் வாடை. அதில் நிறையக் காய்த்திருந்ததன் அடையாளமாகக் காம்புகள் இருந்தன. அனிசேட்டம் என்று கீறினேன். பதினொன்று, பதினாறு. மூன்று மரம். ஒவ்வொன்றிலும் அவன் அரிவாளால் பட்டையில் ஒரு வெட்டு வைத்தான், வெட்டிச் சாய்க்கிற ஆளுக்கு அடையாளம்.

பத்தொன்பதாவது மரம் ஓடைப் பக்கம், நிழலில் இருக்கிறது. அது இன்னும் காய்க்கவே இல்லை. பூத்ததாகவும் அவனுக்கு ஞாபகம் இல்லை.

"நெசம்" என்றான்.

நான் முகர்ந்தேன். சோம்பு மாதிரி இருந்தது. அடியில் வேறு ஒன்றும் இருந்த மாதிரி இருந்தது. இன்னொரு இலை. கையை ஓடையில் கழுவிவிட்டு மறுபடி ஓர் இலை. அவன் காத்திருந்தான். நிஜம் என்று சொல்லிவிட்டால் அவனுக்கு ஒரு மரம் மிச்சம். மூன்று மரம் போன மனுஷன். வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"எனக்குத் தெரியலப்பா."

"நான் நெசம்னு சொல்றேன்ல."

"நீ சொல்ற. எனக்குத் தெரியல."

மரத்தை அண்ணாந்து பார்த்தான். பிறகு, "அப்ப அதையே எழுதுங்க" என்றான்.

பாறையில் தகட்டை வைத்துத் தெரியவில்லை என்று கீறினேன். முப்பது வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் லேபிள் எழுதியிருக்கிறேன். இந்த வார்த்தையை எழுதியதில்லை. எழுத்துக்கு எழுத்து யோசிக்க வேண்டியிருந்தது.

இன்னாசி அதை வாங்கி, கம்பியை மரத்தைச் சுற்றி இறுக்கி முறுக்கினான். அப்புறம் என்ன நினைத்தானோ, முறுக்கைப் பிரித்து, இரண்டு விரல் நுழைகிற அளவுக்குத் தளர்த்திக் கட்டினான்.

"மரம் பெருக்கும்ல" என்றான்.

மீதி ஏழு மரமும் நிஜம். இருவரும் ஒன்று போலச் சொன்னோம். படலுக்கு வந்ததும், "நாளைக்கு உங்க வேலி யக்கா. பன்னெண்டையும் நானும் மோக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பன்னிரண்டு தகடு வெட்டி வைத்திருக்கிறேன். கூட இரண்டு.